பணிக்காலத்தை விலைக்கு வாங்க முடியுமா?

குலசேகரத்தில் மழை பெய்தால் ஆசிரியர் அறையில் பேச்சுக் கொஞ்சம் நீளும். அப்படி ஒரு மாலையில்தான் எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு என் அருகில் வந்து உட்கார்ந்தார். 2024 மே 31 அன்று அவர் ஓய்வுபெற வேண்டும். ஓய்வூதியக் கருத்துருவுக்காக அவருடைய பணிக்காலத்தைக் கணக்கிட்டுத் தந்திருந்தார்கள். அதில் 14 மாதங்கள் கழிக்கப்பட்டிருந்தன.

"மக்களே, இங்கிலாந்துல இருக்குற மவகிட்ட சொன்னேன். அங்க டீச்சர்மாரு பணம் கட்டிப் பென்ஷனைக் கூட்டிக்கிடலாமாம். விட்டுப்போன மாசத்துக்கு நீங்களும் கட்டிருங்கம்மான்னு சொல்லுதா. நம்ம ஊர்ல அப்படி உண்டுமா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியில் இருந்தும், என் பணிக்காலம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நான் விதிகளோடு வைத்துப் படித்ததில்லை. டீச்சரின் கேள்விக்காகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை எல்லா ஆசிரியர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தருகிறேன்.

வெளிநாடுகளில் இருக்கும் வழி

டீச்சரின் மகள் சொன்னது தவறல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் ஆசிரியர்களின் ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதல் ஆண்டுகளையே பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2006ஆம் ஆண்டின் முடிவோடு புதிய விண்ணப்பங்களுக்கு அது நிறுத்தப்பட்டது. இப்போது ஆண்டுகளுக்குப் பதிலாக, கூடுதல் ஓய்வூதியத் தொகையைப் பணம் கட்டிப் பெறலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வேறு மாநிலத்தின் பொதுப்பள்ளியில் பணியாற்றிய காலத்தை ஆசிரியர் பணம் கட்டித் தம் கணக்கில் சேர்க்க முடியும். ஒரு காலத்தில் அங்கே அரசு ஊழியர்கள், வேலையே செய்யாத 5 ஆண்டுகள் வரையிலும் விலைக்கு வாங்கினார்கள். 2013 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த வசதியைப் பறித்தது செல்லாது என்று தொழிற்சங்கம் வழக்குத் தொடர்ந்தது. அது ஊழியரின் பறிக்க முடியாத உரிமை அல்ல என்று 2019இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய திட்டங்களில், ஒருவர் வாழ்நாள் முழுவதும் பெறக்கூடிய கூடுதல் ஓய்வூதியத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்ற தொகையை அவரிடமே வாங்கிவிடுவார்கள். இதை அரசு தரும் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது.

நம் விதிகள் சொல்வது என்ன?

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன்படி ஓய்வூதியம் பெறும் நமக்கு அப்படிப் பணம் கட்டி ஆண்டுகளைப் பெறும் வழி கிடையாது. பணியாற்றிய காலம், அதிலும் 'தகுதியுள்ள பணிக்காலம்' என்று ஏற்கப்பட்ட காலம் மட்டுமே கணக்கு.

நம்மால் ஓய்வூதியத்தை விற்க முடியும் என்பது இதில் வேடிக்கை. கம்யூடேஷன் என்று நாம் சொல்வது அதுதான். மாத ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஒப்படைத்து மொத்தத் தொகையாகப் பெறலாம். 15 ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பங்கு மீண்டும் கிடைக்கும். ஆக, விற்பதற்கு வழி உண்டு. வாங்குவதற்கு இல்லை.

விருப்ப ஓய்வில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. விதிகளின்படி விருப்ப ஓய்வு பெறுவோருக்கு, அவர்களது வயதையும் உச்ச வரம்பையும் பொறுத்து, அதிகபட்சம் 5 ஆண்டுகள் வரை பணிக்காலத்துடன் கூட்டித் தரப்படுகிறது. இதற்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

ஒரு மாதம் எவ்வளவு பெறும்?

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்குக் கணக்கு இப்படி நடக்கிறது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் தகுதியுள்ள பணிக்காலம் வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டுகள் வேண்டும். முழு ஓய்வூதியம் என்பது ஊதியத்தில் 50 விழுக்காடு. 30 ஆண்டுகளுக்குக் குறைவானால் அந்த விகிதத்தில் குறையும்.

கணக்கில் அலகு ஓராண்டு அல்ல, அரையாண்டு. 30 ஆண்டுகள் என்பது 60 அரையாண்டுகள். மீதமாக நிற்கும் காலம் 3 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஓர் அரையாண்டாக ஏற்கப்படும். 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் விடப்படும்.

டீச்சரின் கணக்கையே பார்ப்போம். அவர் பணியில் சேர்ந்தது 5.8.1996. ஓய்வு 31.5.2024. மொத்தம் 27 ஆண்டு 9 மாதம் 27 நாள். 27 ஆண்டுக்கு 54 அரையாண்டுகள். மீதி 9 மாதம் 27 நாளில் 6 மாதத்துக்கு ஒன்று, எஞ்சிய 3 மாதம் 27 நாளுக்கு ஒன்று. ஆக மொத்தம் 56.

14 மாதங்களைக் கழித்தால் 26 ஆண்டு 7 மாதம் 27 நாள். அதாவது 52 அரையாண்டுகளும், 6 மாதத்துக்கு ஒன்றும். எஞ்சிய 1 மாதம் 27 நாள் விடப்படும். மொத்தம் 53.

கணக்கு எளிதாக இருக்க, அவருடைய அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஓய்வூதியம் 40,000. அதை 60ஆல் வகுத்தால் ஓர் அரையாண்டின் மதிப்பு சுமார் 667 ரூபாய். மூன்று அரையாண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய். அகவிலைப்படி 50 விழுக்காடு என்றால் இழப்பு மாதம் 3,000 ரூபாய். அகவிலைப்படி உயர உயர இதுவும் உயரும்.

பணிக்கொடையிலும் இழப்பு உண்டு. ஒவ்வோர் அரையாண்டுக்கும் ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் மாதப் பங்கு பணிக்கொடையாகக் கிடைக்கும். 1,20,000 ரூபாயில் கால் பங்கு 30,000. மூன்று அரையாண்டுகளுக்கு 90,000 ரூபாய்.

ஓய்வுக்குப் பின் ஒருவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தால், மாதம் 3,000 ரூபாய் என்பது அகவிலைப்படி உயர்வு இல்லாமலேயே 7,20,000 ரூபாய் ஆகும். 14 மாதம் பற்றிய ஒரு பதிவு இவ்வளவு பெரிய தொகையைத் தீர்மானிக்கிறது.

எந்தக் காலம் சேரும், எது சேராது?

டீச்சரின் 14 மாதங்கள் ஏன் கழிக்கப்பட்டன? 2008-09இல் அவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. இருப்பில் இருந்த விடுப்புகள் தீர்ந்துபோய், ஊதியமில்லா விடுப்பில் இருந்தார். விதி இதில் தெளிவானது. ஊதியத்துடன் கூடிய விடுப்புகள் எல்லாம் தகுதியுள்ள பணிக்காலமே. மகப்பேறு விடுப்பும் அப்படியே. ஊதியமில்லா விடுப்பு மருத்துவச் சான்றின்பேரில் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதுவும் சேரும். சொந்தக் காரணங்களுக்காக எடுத்தது சேராது.

டீச்சர் மருத்துவச் சான்று கொடுத்துத்தான் விடுப்பு எடுத்தார். ஆனால் பணிப்பதிவேட்டில் 'ஊதியமில்லா விடுப்பு' என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. 'மருத்துவச் சான்றின்பேரில்' என்ற இரண்டு சொற்கள் விட்டுப்போயிருந்தன. பதிவேட்டை வைத்துக் கணக்கிட்டவர் அதில் உள்ளபடிதான் கணக்கிட முடியும்.

மற்ற சில காலங்களையும் நாம் கவனிக்க வேண்டும்.

தற்காலிகப் பணிநீக்கம்: குற்றச்சாட்டிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டால் அந்தக் காலம் சேரும். மற்ற நேர்வுகளில், அந்தக் காலம் எப்படிக் கருதப்படும் என்று இறுதி ஆணையில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். வழக்கு முடிந்தால் போதும் என்று ஆணையைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது.

பதவி விலகல்: வேலையை ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலம் முழுவதும் போய்விடும். உரிய அனுமதியோடு வேறோர் அரசுப் பணியில் சேர்வதற்காக விலகினால் மட்டும் முந்தைய பணிக்காலம் தொடரும். இடைநிலை ஆசிரியராக இருந்து, தேர்வு எழுதி வேறு பணியிடத்துக்குச் செல்வோர் இதை மறக்கக் கூடாது. விண்ணப்பிக்க அனுமதி பெற்ற கடிதம், பணிவிடுவிப்பு ஆணை, புதிய பணியில் சேர்ந்த அறிக்கை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

தொகுப்பூதியக் காலம்: தொகுப்பூதியம், மதிப்பூதியம், தினக்கூலி போன்ற முறைகளில் பணியாற்றிப் பின்னர் முறையான பணியில் ஈர்க்கப்பட்டவர்களுக்கு, ஓய்வூதிய விதி 11இன்படி முந்தைய காலத்தில் பாதி கணக்கில் சேரும். ஆனால் 1.4.2003க்கு முன் முறையான பணியில் ஈர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அயற்பணி: பணம் கட்டிப் பணிக்காலம் பெறுவதற்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இதுதான். அரசு ஊழியர் ஒருவர் வேறு நிறுவனத்தில் அயற்பணியில் இருக்கும்போது, அந்தக் காலத்துக்கான ஓய்வூதியப் பங்களிப்புத் தொகை அரசுக்குச் செலுத்தப்பட வேண்டும். பெரும்பாலும் பணியைப் பெறும் நிறுவனமே செலுத்தும். யார் செலுத்த வேண்டும் என்பது அயற்பணி ஆணையின் நிபந்தனைகளில் இருக்கும். திரும்பி வந்ததும், தொகை செலுத்தப்பட்ட செலுத்துச்சீட்டு விவரம் நம் பணிப்பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஓய்வுபெறும் ஆண்டில் பழைய செலுத்துச்சீட்டைத் தேடி அலைவது எளிதல்ல.

உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆண்டுகள்

நம் குமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் அதிகம். அங்கே சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் என்பது 1955இல் தொடங்கிய முப்பயன் திட்டத்தோடு வந்தது. வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அந்தப் பெயர். உதவிபெறும் பள்ளியில் பணியாற்றிய காலத்தைச் சேர்க்கக் கோருபவருக்கு மிக முக்கியமான ஆவணம், அந்த நியமனத்துக்குக் கல்வித்துறை வழங்கிய ஒப்புதல் ஆணை. பள்ளி நிர்வாகம் தந்த நியமனக் கடிதம் மட்டும் போதாது.

சுயநிதித் தனியார் பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகள் அரசு ஓய்வூதியத்தில் சேராது. ஆனால் அங்கே வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்திருந்தால், அந்தப் பணமும் அதோடு சேர்ந்த ஓய்வூதியப் பங்கும் உங்களுடையதே. 10 ஆண்டுகள் நிறைந்திருந்தால் 58 வயதில் அந்தத் திட்டத்தில் ஓய்வூதியம் உண்டு. 10 ஆண்டுகளுக்குக் குறைவு என்றால், விதிகளின்படி அந்தப் பங்கைத் திரும்பப் பெறலாம். பழைய கணக்கு எண்ணை மறந்துவிட்டு அப்படியே விட்டவர்கள் எத்தனையோ பேர்.

2003க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இது எதற்கு?

இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பலர் 1.4.2003க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள். நானும் அப்படித்தான். 2004இல் மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். 1.6.2006 முதல் காலமுறை ஊதியம் வந்தது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் நமக்கு, ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டு, அரசும் அதே அளவு செலுத்துகிறது. இந்தத் திட்டத்தில் ஆண்டுகளைவிடக் கணக்கில் சேர்ந்த தொகைதான் முக்கியம். எனவே பணிப்பதிவேட்டைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை.

ஆனால் காலம் மாறுகிறது. ஒன்றிய அரசு 1.4.2025 முதல் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காடு உறுதி செய்யப்படுகிறது. அதற்குக் குறைந்தால் விகிதப்படி. குறைந்தது 10 ஆண்டுகள் வேண்டும். தமிழ்நாடு அரசும் 3.1.2026 அன்று, கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 விழுக்காட்டை உறுதி செய்யும் ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஓய்வூதியத் தொகையை உறுதி செய்யும் எந்தத் திட்டத்திலும், 'எத்தனை ஆண்டு பணி?' என்ற கேள்வி வந்தே தீரும். அந்தக் கேள்விக்குப் பதில் நம் பணிப்பதிவேட்டில்தான் இருக்கும்.

பங்களிப்புத் திட்டத்திலும் விடுபட்டதைத் தேட வேண்டியிருக்கிறது. இடமாறுதல் வந்த மாதங்கள், ஊதியம் தாமதமான மாதங்கள், நிலுவை ஊதியத்தில் பிடித்த தொகை ஆகியவை ஆண்டுக் கணக்கீட்டுத் தாளில் விட்டுப்போக வாய்ப்புண்டு. விட்டுப்போனால் தொகையோடு அதன் வட்டியும் போகும். எனவே ஆண்டுதோறும் கணக்குத்தாளைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாநிலமே மாறியபோதும் தொடர்ந்த பணி

எங்கள் மாவட்டத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. முந்தைய நாள் வரை வேறொரு அரசின் ஊழியராக இருந்தவர்களின் நிலை என்ன? மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அதற்கு வகை செய்தது. அவர்களின் பணி நிபந்தனைகளை, ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் அவர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றது அந்தப் பிரிவு. சட்டம் பாதுகாப்புத் தந்தாலும், ஒருவர் எந்த நாளில் பணியில் சேர்ந்தார், எத்தனை நாள் விடுப்பில் இருந்தார் என்பதற்குப் பதிவேடுதான் சான்று. இன்றும் நிலைமை அதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டைப் பாருங்கள். அதைக் காட்டுவது அலுவலகத் தலைவரின் கடமை, பார்த்துக் கையொப்பமிடுவது நம் கடமை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே நாள் கேட்டுச் செல்லலாம். படிக்காமல் கையொப்பம் இட வேண்டாம்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. பணியில் சேர்ந்த நாள், பிறந்த நாள், கல்வித் தகுதி ஆகியவை ஆவணங்களோடு ஒத்துப்போகின்றனவா?

2. பணிவரன்முறை, தகுதிகாண் பருவம் நிறைவு ஆகியவற்றின் ஆணை எண்ணும் நாளும் பதிவாகியுள்ளனவா?

3. ஒவ்வோர் ஆண்டுக்கும் 'பணி சரிபார்க்கப்பட்டது' என்ற சான்று இருக்கிறதா? ஒரு பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளுக்கும் அடுத்த பள்ளியில் சேர்ந்த நாளுக்கும் இடையில் விளக்கமில்லாத இடைவெளி உண்டா?

4. ஊதியமில்லா விடுப்பு எதன்பேரில் அனுமதிக்கப்பட்டது என்பது தெளிவாக எழுதப்பட்டுள்ளதா?

5. களஞ்சியம் செயலியில் காட்டும் விவரங்களும் கையால் எழுதிய பதிவேடும் ஒன்றாக உள்ளனவா? கணினியில் ஏற்றியபோது பழைய பிழைகளும் சேர்ந்தே ஏறியிருக்கலாம்.

குறை கண்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆணையின் நகலை இணைத்து, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெறப்பட்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். ஓய்வுக்குப் பத்தாண்டு இருக்கும்போது திருத்துவது எளிது. அந்தக் காலத்துத் தலைமையாசிரியரும் எழுத்தரும் அருகிலேயே இருப்பார்கள். கடைசி ஆறு மாதத்தில் திருத்த முயன்றால், பள்ளியில் பழைய சம்பளப் பட்டியலே கிடைக்காமல் போகலாம்.

நியமன ஆணை முதல் கடைசி விடுப்பு ஆணை வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். ஜெராக்ஸ் ஒன்றும் கைப்பேசியில் படம் ஒன்றும் இருக்கட்டும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் கேட்டு அலுவலகத்துக்கு வரும் நாளில் நாம் உடன் இருக்கப்போவதில்லை.

டீச்சரின் தகரப்பெட்டி

விதியைப் படித்த மறுநாள் டீச்சரிடம் கேட்டேன்: "டீச்சர், விடுப்பு ஆணை நகல் ஏதாவது வீட்டில் இருக்குமா?"

"அந்த வருஷத்துப் பேப்பர் எல்லாம் தகரப்பெட்டியில கெடக்கும் மக்களே. ஆஸ்பத்திரி சீட்டோட சேர்த்துக் கட்டி வச்சேன்" என்றார்.

இரண்டு நாள் தேடினார். மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே அந்த ஆணை கிடைத்தது. அதில் 'மருத்துவச் சான்றின்பேரில்' என்று தெளிவாக இருந்தது. விண்ணப்பத்தோடு அதன் நகலை இணைத்துக் கொடுத்தார். மூல அலுவலகக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் உரிய திருத்தம் செய்து, அலுவலர் கையொப்பமிட்டார். 56 அரையாண்டுகளுடன் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குச் சென்றது.

ஓய்வூதிய ஆணை வந்த அன்று டீச்சர் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார். மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பணம் ஒண்ணும் கெட்டல்ல, ஜெராக்ஸுக்கு ரெண்டு ரூவாதான் ஆச்சுன்னு சொன்னேன்" என்றார்.

அவருக்கு ஒரு தகரப்பெட்டி இருந்தது. அடுத்த வாரமே நான் என் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2011இல் ஓர் இடமாறுதலின்போது, விடுவிப்புக்கும் பணியேற்புக்கும் இடையில் நான்கு நாட்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. அவை பணியேற்பிடைக்காலம் என்பதற்கான கடிதம் என்னிடம் இருந்தது. விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். நீங்களும் இந்த மாதமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.